இன்வேடர்ஸ் ஏன் சலிக்கிறது?

வணக்கம் சார்,

'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வீடியோ கேம் ஒரு திருப்புமுனை என்று எழுதியிருந்தீர்கள். கல்லூரி இதழுக்கு அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுத நினைத்து, போனில் இறக்கி ஆடினேன். பத்து நிமிஷத்தில் சலித்துவிட்டது. அந்தக் காலத்தில் வேறெதுவும் இல்லாததால்தான் கொண்டாடினார்களோ?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் ஆடியது அசல்தானா என்று முதலில் பாருங்கள். போனில் கிடைப்பவற்றில் பல, பின்னால் யாரோ புதிதாக எழுதிய நகல்கள். ஒரு சின்னச் சோதனை போதும். நாம் சுட்டு வீழ்த்த வேண்டிய, மேலிருந்து இறங்கிவரும் எதிரிப்படை மொத்தமாக நகர்கிறதா, ஒவ்வொன்றாக அலைபோல நகர்கிறதா?

டைட்டோ நிறுவனத்தின் 1978 அசலில், அதாவது கடைகளில் காசு போட்டு ஆடிய இயந்திரத்தில், ஒவ்வொன்றாகத்தான் நகரும். உள்ளே இருந்தது 2 மெகாஹெர்ட்ஸ் வேகம் மட்டுமே கொண்ட இன்டெல் 8080 சில்லு. ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரை ஒருமுறை புதுப்பிக்கப்படுவதற்கு, ஓர் உருவத்தை மட்டும் நகர்த்துவார்கள். நொடிக்கு 60 ஃபிரேம். வரிசைக்கு 11 வீதம் 5 வரிசை, ஆக 55 உருவம். முழுப்படையும் ஓரடி வைக்க ஏறக்குறைய ஒரு நொடி. பத்துப் பேர் மிஞ்சினால் நொடியில் ஆறில் ஒரு பங்கு. கடைசி ஆள் பறப்பான். சுடச்சுட வேகம் கூடுவதைக் கவனித்த, இந்த கேமை உருவாக்கிய தோமோஹிரோ நிஷிகாடோ, அதைத் திருத்தாமல் விட்டுவிட்டார். பின்னணியில் இறங்கிவரும் அந்த நான்கு சுரமும் கூடவே விரைவுபடும்.

இன்னொன்று: உங்கள் குண்டு எதிலாவது படும்வரை, அல்லது திரை உச்சிக்குப் போய்ச்சேரும்வரை, அடுத்த குண்டு கிடையாது. குறி தப்பினால் காத்திருக்க வேண்டும். பயமே அந்தக் காத்திருப்பில்தான். தட்டத்தட்டச் சுடும் நகலில் அது போய்விடுகிறது. சலிக்காமல் என்ன செய்யும்?

வேறெதுவும் இல்லை என்பதும் சரியல்ல. அட்டாரியின் 'பிரேக்அவுட்' 1976லேயே வந்துவிட்டது. நிஷிகாடோவுக்குத் தூண்டுகோலே அதுதான். அதை அரைமணி நேரம் ஆடிவிட்டு இதற்கு வாருங்கள். அங்கே செங்கல் சுவர் சும்மா நிற்கும். இங்கே சுவர் நகர்கிறது, திருப்பிச் சுடுகிறது.

கணினியில் 'மேம்' எமுலேட்டர் (பழைய இயந்திரத்தைப்போல நடந்து அசல் நிரலையே ஓட்டும் மென்பொருள்) போட்டு, கீபோர்டில் ஆடுங்கள். திரை விகிதம் நிமிர்வாட்டில் 3:4, அகலத்துக்கு இழுத்துவிடாதீர்கள். நிறம் நிரலில் இல்லை. கறுப்புவெள்ளைத் திரைமேல் வண்ண செலோஃபேன் பட்டைகளை ஒட்டியிருந்தார்கள். அதனால்தான் ஒரே குண்டு மேலே போகும்போது நிறம் மாறுகிறது. ஆட்டத்தை நடுவில் சேமித்து அங்கிருந்தே தொடரும் சேவ் ஸ்டேட்டை மறந்துவிடுங்கள். மூன்று உயிர் போனால் எழுந்துவிடுங்கள். கடையில் அதற்குமேல் ஆட இன்னொரு 100 யென் போட வேண்டியிருந்தது.

1980இல் அட்டாரி 2600 என்ற வீட்டு கேம் கன்சோலுக்கு வந்த பதிப்பைப் பார்த்து அசலை எடைபோட வேண்டாம். அதில் எதிரிகள் 36 பேர்தான். இதை ஆடுவதற்கென்றே கன்சோல் வாங்கியவர்கள் உண்டு, அது தனிக்கதை.

கட்டுரையில் ஒன்றை மட்டும் சேர்த்துவிடாதீர்கள்: இந்த கேமால் ஜப்பானில் 100 யென் நாணயத்துக்கே தட்டுப்பாடு வந்ததாம். 1978, 79இல் அந்த நாணயம் 1977ஐவிடக் குறைவாகத்தான் வார்க்கப்பட்டது.