மனப்பாடம் கைகொடுக்காத தேர்வு

கேள்வி: பத்தாம் வகுப்பு வரை மதுரையில் படித்த என் மகள், இப்போது நியூ ஜெர்சியில் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். கல்லூரிச் சேர்க்கைக்கான ஏசிடி தேர்வுக்குத் தயாராகிறாள். பள்ளியில் அறிவியலில் முதலிடம் பெறுபவள், இத்தேர்வின் அறிவியல் மாதிரித் தாளில் பாதியைக்கூட முடிக்க இயலாமல் கலங்குகிறாள். எந்தப் பாடங்களை மீண்டும் படிக்கச் சொல்வது?
– ஒரு வாசகி, எடிசன்.

பதில்: எந்தப் பாடத்தையும் மீண்டும் படிக்கச் சொல்ல வேண்டாம். அமிலத்தின் பிஎச் மதிப்பு 7-க்குக் கீழே இருக்கும் என்பது போன்ற அடிப்படை அறிவைக் கோரும் கேள்விகள் மிகச் சிலவே வரும். மற்றவற்றுக்கான விடை அங்கேயே தரப்பட்டுள்ள அட்டவணையிலோ வரைபடத்திலோ சோதனை விவரிப்பிலோ இருக்கிறது. தங்கள் மகள் பத்தியைப் பாடமாக எண்ணி முதல் வரியிலிருந்து புரிந்துகொள்ள முயல்வதால்தான் நேரம் போதவில்லை என்று கருதுகிறேன்.

ஓர் எடுத்துக்காட்டு. 100 கிராம் நீரில் பொட்டாசியம் நைட்ரேட் 40 டிகிரி செல்சியஸில் சுமார் 64 கிராமும், 60 டிகிரியில் சுமார் 110 கிராமும் கரையும் என்று அட்டவணை காட்டுகிறது. 50 டிகிரியில் எவ்வளவு கரையும் என்பது கேள்வி. விடைகளாக 25, 50, 85, 140 தரப்பட்டிருந்தால், இரு எண்களுக்கும் இடையில் விழுவது 85 மட்டுமே. கரைதிறனின் இலக்கணம் இங்கே தேவையில்லை. ஆகவே, முதலில் கேள்வியைப் படித்து, அது எந்தப் படத்தைக் குறிக்கிறது என்று கண்டு, அச்சுகளின் பெயரையும் அலகையும் பார்த்த பிறகே தரவுக்குள் செல்லப் பழக்குங்கள். ஒரே நிகழ்வுக்கு இரண்டு மூன்று அறிவியலாளர்கள் மாறுபட்ட விளக்கம் தரும் பகுதி மட்டும் விதிவிலக்கு. அதை முழுவதும் வாசித்தே ஆக வேண்டும் என்பதால், கடைசியில் எடுத்துக்கொள்வது நல்லது.

தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. நீட் தேர்வுக் கதைகளைக் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகள், தெரியாத கேள்வியை விட்டுவிடும் பழக்கத்தை இங்கே கைவிட வேண்டும்.

முன்பு 40 கேள்விகளுக்கு 35 நிமிடங்கள் தரப்பட்டன. 2025-இல் வந்த புதிய வடிவில் 40 நிமிடங்கள். மகளிடம் உள்ள மாதிரித் தாள் எந்த வடிவைச் சேர்ந்தது என்று பாருங்கள். புதிய வடிவில் அறிவியல் பிரிவு விருப்பத்திற்குரியது. 36-க்குக் கணக்கிடப்படும் மொத்த மதிப்பெண்ணிலும் அது சேராது. ஆயினும் சில கல்லூரிகள் அதைக் கேட்பதால், பதிவு செய்யும் முன் மகள் விண்ணப்பிக்கவுள்ள ஒவ்வொரு கல்லூரியின் சேர்க்கை விதிகளையும் பார்த்துவிடுங்கள்.