பங்கை சிங்கப்பூருக்கு மாற்றினால் சுரங்கம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: நானும் இரண்டு நண்பர்களும் 2011-ல் இந்தோனேசியாவின் கிழக்கு கலிமந்தானில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் பணம் போட்டோம். பாதிப் பங்கு எங்கள் கோவைக் கம்பெனி பெயரில், மீதி அங்குள்ள ஒருவர் பெயரில். 2022-ல் உரிமத்தை ரத்து செய்துவிட்டார்கள். சிங்கப்பூரில் கம்பெனி திறந்து பங்குகளை அதற்கு மாற்றினால் இந்தோனேசிய அரசு மீது ஆர்பிட்ரேஷன் (சர்வதேச நடுவர் மன்ற வழக்கு) போடலாம், செலவை ஒரு ஃபண்ட் ஏற்கும், 'பதிவுக் கட்டணம்' மட்டும் கட்டினால் போதும் என்கிறார் ஒரு கன்சல்டன்ட். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். இருக்கிற கொஞ்சநஞ்ச வழக்கும் அதோடு போய்விடும். தகராறு வந்த பிறகு, நாடுகள் செய்துகொண்ட முதலீட்டு ஒப்பந்தத்தின் பாதுகாப்புக்காகக் கம்பெனியை நாடு மாற்றினால் நடுவர்கள் அதை முறைகேடாகத்தான் பார்ப்பார்கள். எல் சால்வடாரில் தங்கச் சுரங்கம் கேட்ட பசிபிக் ரிம் என்ற கனடா நிறுவனம், 2007-ல் தன் கேமன் தீவுக் கம்பெனியை அமெரிக்காவின் நெவாடாவுக்கு மாற்றியது. நடுவர்கள் அதை முறைகேடு என்று சொல்லாவிட்டாலும், அமெரிக்காவில் அந்தக் கம்பெனிக்கு உண்மையான தொழில் இல்லை, எனவே அமெரிக்காவும் மத்திய அமெரிக்க நாடுகளும் செய்த ஒப்பந்தத்தின் கீழ் வர முடியாது என்று 2012-ல் சொல்லிவிட்டார்கள். எல் சால்வடாரின் உள்நாட்டுச் சட்டத்தின்படி மிஞ்சிய வழக்கிலும் 2016-ல் தோல்வி. எதிர்த்தரப்புச் செலவுக்கு 80 லட்சம் டாலர் கட்டச் சொல்லி உத்தரவு. உங்கள் கன்சல்டன்ட் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார். முன்தேதி போட்டுப் பங்குப் பத்திரம் தயாரித்துத் தருகிறேன் என்றும் சிலர் வருவார்கள். அவர்களிடம் பேச்சே வேண்டாம்.

ஃபண்ட் விஷயமும் அப்படித்தான். அவர்கள் தர்மத்துக்குப் பணம் போடுவதில்லை. போடும் பணத்தைப்போல் பத்து மடங்காவது இழப்பீடு தேறுமா என்றுதான் பொதுவாகப் பார்ப்பார்கள். உங்கள் மாதிரி சின்ன முதலீட்டை அவர்கள் சீண்டக்கூட மாட்டார்கள். அப்புறம் அந்த 'பதிவுக் கட்டணம்' யாருக்குப் போகிறது?

சரி, இந்தியக் கம்பெனியாகவே வழக்குப் போடலாமா? இந்தியா-இந்தோனேசியா முதலீட்டு ஒப்பந்தம் 2016 ஏப்ரலில் முடிந்துவிட்டது. இப்படிப் பல நாட்டு ஒப்பந்தங்களை டெல்லி முறித்துக்கொண்டது. வெளிநாட்டில் பணம் போட்ட நம்மவர்களின் கதி என்ன என்று யோசித்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு விதிவிலக்கு உங்களுக்குப் பொருந்தக்கூடும். ஒப்பந்தம் உயிரோடு இருந்தபோது போட்ட முதலீட்டுக்கு, அது முடிந்த பிறகும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு தொடரும். நீங்கள் போட்டது 2011-ல். எனவே கோவைக் கம்பெனி பெயரில் உள்ள பாதிக்கு வாய்ப்பு உண்டு. அதே கம்பெனி, அதே பங்கு, இடையில் கைமாறவில்லை என்று காட்ட வேண்டும். பணம் வங்கி வழியாகப் போனதற்கு ஆதாரம் வேண்டும். 2016-க்குப் பிறகு போட்ட கூடுதல் பணத்தை இதோடு சேர்த்துக் குழப்பாதீர்கள். பங்கை இப்போது சிங்கப்பூருக்கு மாற்றினால் இந்தப் பாதியும் கைவிட்டுப் போகும்.

உள்ளூர்க்காரர் பெயரில் உள்ள மீதிப் பாதியை மறந்துவிடலாம். பினாமியாகப் பங்கு வைப்பதை இந்தோனேசியாவின் 2007 முதலீட்டுச் சட்டமே தடை செய்கிறது. அதை எழுப்பினால் அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கு நீங்களே ஆயுதம் எடுத்துக் கொடுத்த மாதிரி.

இனி உரிமத்துக்கு வருவோம். வழக்குகள் கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான். ஒடிசாவின் இம்ஃபா நிறுவனம் 2010-ல் மத்திய கலிமந்தானில் நிலக்கரி உரிமம் உள்ள கம்பெனியை வாங்கியது. அதே நிலத்தின் மேல் வேறு ஏழு உரிமங்கள் இருந்தது பிறகுதான் தெரிந்தது. 2015-ல் இதே இந்திய ஒப்பந்தத்தின் கீழ் வழக்குப் போட்டு 2019-ல் தோற்றது. வாங்கும் முன்பே அலசியிருந்தால் தெரிந்திருக்கும் என்பது நடுவர்கள் சொன்ன காரணம். எதிர்த்தரப்புச் செலவு என்று சுமார் 30 லட்சம் டாலர் தலையில் விழுந்தது. பிரிட்டனின் சர்ச்சில் மைனிங் கதை இன்னும் மோசம். நூறு கோடி டாலருக்கு மேல் கேட்டார்கள். உரிமங்களில் இருந்த கையெழுத்து மாவட்டத் தலைவர் போட்டதில்லை, இயந்திரம் போட்டது என்று தெரியவந்து 2016-ல் மொத்த வழக்கும் தள்ளுபடி. அந்த உரிமத்தைக் கொண்டுவந்து கொடுத்தது உள்ளூர்க் கூட்டாளி.

உங்களுக்கும் உரிமத்தை வாங்கிக் கொடுத்தவர் ஒருவர் இருப்பாரே?

2022 ஜனவரியில் இந்தோனேசியா ஒரே மூச்சில் 2,078 சுரங்க உரிமங்களை ரத்து செய்வதாக அறிவித்தது. வேலைத் திட்டம் தராதவை, நிலத்தைத் தொடாமல் கிடந்தவை என்று காரணம் சொன்னார்கள். ஆட்சேபித்தவர்களில் நூற்றுக்கணக்கானோருக்கு உரிமம் திரும்பக் கிடைத்தது. நீங்கள் அப்போது ஆட்சேபித்தீர்களா, ஆண்டுதோறும் வேலைத் திட்டம் தந்தீர்களா என்று எழுதவே இல்லை. அங்குள்ள நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போட உத்தரவு கைக்கு வந்து 90 நாள்தான் கெடு. அது போயே போய்விட்டது.

முதலில் ஜகார்த்தாவில் உங்கள் கூட்டாளிக்கோ கன்சல்டன்டுக்கோ சம்பந்தமில்லாத வழக்கறிஞர் ஒருவரைப் பிடியுங்கள். உரிமத்தின் மூலப் பிரதி, ரத்து உத்தரவு, வேலைத் திட்டங்கள், நில வரைபடத்தில் வேறு உரிமம் மேலே விழுகிறதா என்ற சான்று, இந்த நான்கையும் அவர் பார்த்துச் சொல்லட்டும். அதுவரை கன்சல்டன்ட் நீட்டும் பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் ரத்து செய்து எழுத்தில் தெரிவியுங்கள்.