மடகாஸ்கர் தரைப் பல்லி முட்டையில் பூஞ்சை

உங்கள் மடகாஸ்கர் தரைப் பல்லியின் மிஞ்சிய முட்டையை, நீங்கள் வைத்திருக்கும் ஈர வெர்மிகுலைட்டிலிருந்து (ஈரத்தைப் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) இன்றே எடுத்து உலர்ந்த மணலுக்கு மாற்றுங்கள். மேல்பக்கம் மேலேயே இருக்கட்டும். பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

மூன்று வாரமாக 28 டிகிரியில் வைத்தும் ஒன்று அழுகிவிட்டது, மற்றதில் பூஞ்சை என்று எழுதியிருக்கிறீர்கள். சூடு சரிதான், ஈரம்தான் கெடுத்திருக்கும். லெப்பர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லிக்கான முறையைப் பின்பற்றினீர்கள் போலிருக்கிறது. அதன் முட்டைக்குத் தோல் போன்ற ஓடு. வெளி ஈரத்தை உறிஞ்சித்தான் வளரும். உங்களுடைய தரைப் பல்லி (பரோடுரா பிக்டா) வேறு குடும்பம். இட்ட கொஞ்ச நேரத்தில் சுண்ணாம்பு ஓடு இறுகிவிடும், வேண்டிய நீர் உள்ளேயே இருக்கும். மடகாஸ்கரின் தெற்கு, மேற்குப் பகுதிகளின் வறண்ட காடுகளில் வாழும் பல்லி அது.

மிஞ்சிய முட்டையை இருட்டில் சின்ன டார்ச் மேல் பிடித்துப் பாருங்கள். சிவப்பு நரம்புகள் தெரிந்தால் உயிர் இருக்கிறது. வெறும் மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் கருவில்லை. ஆனாலும் அவசரப்பட்டு உடைக்க வேண்டாம். 28 டிகிரியில் பொரிக்கச் சுமார் 60 நாள் ஆகும், சூடு குறைந்தால் இன்னும் நீளும்.

அப்புறம், தாயைக் கவனியுங்கள், அதுதான் எனக்குக் கவலை. இந்த இனம் இரண்டிரண்டாக முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். ஓட்டுக்கான கால்சியம் அதன் எலும்பிலிருந்து போகும். பூச்சிகளின் மேல் கால்சியம் பொடி தூவிக் கொடுங்கள், ஆணைத் தனியாக வையுங்கள். தாடை மெத்தென்றிருந்தாலோ கால் நடுங்கினாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.