எழுத்து குழம்புகிறதா, ஒலி நழுவுகிறதா? டிஸ்லெக்சியா கேள்வி பதில்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டப் பெற்றோர்களும் ஆசிரியர்களும் கேட்டவை. பதில் சொல்பவர் கிருஷ்ணகிரியில் பணிபுரியும் சிறப்பாசிரியர். டிஸ்லெக்சியா என்பது, அறிவில் குறை இல்லாமலே வாசிப்பதும் எழுத்துக்கூட்டுவதும் கடினமாக இருக்கும் கற்றல் குறைபாடு.

காவேரிப்பட்டினம், ஒரு அம்மா: மேடம், மூன்றாம் வகுப்புப் பையன் ஆங்கிலச் சின்ன பி-யையும் (b) டி-யையும் (d) மாற்றி எழுதுகிறான். அவன் கண்ணுக்கு எழுத்து திரும்பித் தெரிகிறதா?

இல்லைங்க. நமக்குத் தெரிவது போலத்தான் அவனுக்கும் தெரிகிறது. மாடு எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் மாடு என்றே மூளை எடுத்துக்கொள்ளும். வாசிக்கப் பழகும்போது எழுத்துக்கு மட்டும் அந்தப் பழக்கத்தை விட வேண்டியிருக்கிறது. அதனால் ஐந்தாறு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் திருப்பி எழுதும்.

1925இல் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன் இப்படித் திருப்பி எழுதுவதையே டிஸ்லெக்சியாவின் மையமாகப் பிடித்தார். பின்னால் வந்த ஆய்வுகள் ஒலியின் பக்கம் போய்விட்டன: சொல்லை ஒலிகளாகப் பிரிப்பதில்தான் முக்கியச் சிக்கல் என்று. வாசிக்கும்போது இடது மூளையின் பின்பகுதியில் இரண்டு இடங்கள் முக்கியம். ஒன்று எழுத்தையும் ஒலியையும் இணைக்கும். இன்னொன்று பழகிய சொல்லைப் பார்த்தவுடன் பிடிக்கும். டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கு இரண்டும் மந்தமாக வேலை செய்வதை ஸ்கேன் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

தாளே இல்லாமல் பையனிடம் கேட்டுப் பாருங்கள்: 'பட்டம்' என்பதில் 'ப'வை எடுத்துவிட்டு 'ச' போட்டால் என்ன? இதில் தடுமாறினால் சிக்கல் ஒலியைப் பிரிப்பதில் இருக்கலாம். ஆனால் எதற்கும் முன்னால் காதையும் கண்ணையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சளி பிடித்துக் காதில் நீர் கோத்திருந்தாலும் பிள்ளை இப்படித்தான் தடுமாறும்.

ஓசூர், ஒரு அப்பா: கலர் கண்ணாடி போட்டால் சரியாகுமாமே?

ஆகாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகமும் கண் மருத்துவர்களின் கழகமும் 2009இல் கூட்டாகவே சொல்லிவிட்டன, ஆதாரம் போதாது என்று. வாங்காதீர்கள்.

பாலக்கோடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: தமிழில் எழுதியபடியே வாசிக்கலாம். இது ஆங்கில வழிக் கல்வி கொண்டுவந்த வியாதி.

பாதி ஒத்துக்கொள்கிறேன், ஐயா. இத்தாலிய மொழியும் எழுதியபடி வாசிப்பதுதான். 2001இல் பவுலேசு என்ற ஆய்வாளரின் குழுவினர் இத்தாலிய, ஆங்கில, பிரெஞ்சு வாசகர்களை ஒப்பிட்டார்கள். டிஸ்லெக்சியா உள்ள இத்தாலியர்கள் மற்ற இருவரையும்விடச் சரியாக வாசித்தார்கள். ஆனால் மூளையில் மூன்று கூட்டத்துக்கும் ஒரே இடம்தான் மந்தம். மொழி சுமையைக் குறைக்கும், காரணத்தை எடுத்துவிடாது.

தமிழும் அவ்வளவு எளிது என்று சொல்லிவிட முடியாது. 'கெ' எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, வாயில் அந்த உயிரொலி பின்னால் வருகிறது. 'கொ'வில் இரண்டு பக்கமும் நிற்கிறது. 'கல்', 'தங்கம்', 'அகல்' மூன்றிலும் க-வின் ஒலி ஒன்றா?

அதே ஆசிரியர்: மெல்லினத்துக்குப் பின் எப்படி ஒலிக்கும் என்பதற்கு விதி இருக்கிறதே!

இருக்கிறது, ஐயா. விதி தெரிவது வேறு, ஓடுகிற ஓட்டத்தில் கைக்கு வருவது வேறு. இந்தப் பிள்ளைகள் தமிழில் தப்பாக வாசிப்பதைவிட மெதுவாக வாசிப்பதே கண்ணில் படும். அதைத்தான் 'சோம்பேறி' என்று எழுதி அனுப்புகிறோம்.

ஓசூர், ஆசிரியை: இங்கே வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, பள்ளியில் தமிழ், டியூஷனில் ஆங்கிலம். அதுதான் காரணம்!

இரண்டு மொழி, மூன்று மொழி டிஸ்லெக்சியாவை உண்டாக்காது. ஆனால் தமிழ்ச் சொல்லே தெரியாத பிள்ளையைத் தமிழில் சோதித்துவிட்டு முத்திரை குத்தாதீர்கள். ஒலி விளையாட்டை வீட்டு மொழியிலும் ஆடிப் பாருங்கள்.

பாலக்கோடு ஆசிரியர்: அப்படியானால் தொல்காப்பியர் சொன்ன பிறப்பியல்...

ஐயா, அதற்குத் தனியாக ஒரு நாள் உட்காருவோம். எட்டுப் பேர் காத்திருக்கிறார்கள்.

ஊத்தங்கரை: கலர் கண்ணாடி நல்லதா?

ஓசூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பென்னாகரம், கல்லூரி மாணவர்: வாசிப்பைத் தாண்டி, பார்ப்பதிலும் கேட்பதிலும் வித்தியாசம் உண்டா?

நல்ல கேள்வி, தம்பி. ஒரே குரல் பேசிக்கொண்டே இருந்தால் மூளை அதற்குப் பழகி, வேலையைக் குறைத்துக்கொள்ளும். 2016இல் பெரக்கியோனி என்ற ஆய்வாளரின் குழு பார்த்ததில் டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கு இந்தப் பழக்கம் குறைவாகவே ஏற்பட்டது. குரலில் மட்டும் இல்லை, திரும்பத் திரும்பக் காட்டிய முகங்களிலும் பொருட்களிலும்கூட. அவரே 2011இல் இன்னொன்றும் காட்டினார்: தாய்மொழியில் பேசுபவரைக் குரலை வைத்து அடையாளம் காண்பது நமக்கு எளிது. டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. தெரியாத மொழியைக் கேட்பது போலவே இருந்தது.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். அசையும் பொருளைப் பார்க்கும் பகுதி மந்தம் என்று 1996இல் குவினிவெர் ஈடன் என்ற ஆய்வாளரின் குழு சொன்னது. 2013இல் அதே குழு, வாசிப்புப் பயிற்சி தந்தபின் அந்தப் பகுதி சுறுசுறுப்பானதைக் கண்டது. அதாவது அது காரணம் அல்ல, வாசிக்காமல் போனதன் விளைவு. ஸ்கேன் படத்தைக் காட்டி யாராவது பயிற்சி விற்றால் இதை நினைவில் வையுங்கள்.

அரூர்: பொதுத்தேர்வில் சலுகை?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் டிஸ்லெக்சியாவும் சேர்ந்திருக்கிறது. சலுகைக்கு வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநரைப் பாருங்கள். தேர்வு நெருங்கும் வரை காத்திருக்காதீர்கள்.

மொரப்பூர்: வல்லாரை கொடுக்கலாமா?

துவையலாகக் கொடுங்கள். வாசிப்பு வராது.

பர்கூர்: கண்ணாடியை ஏற்கெனவே வாங்கிவிட்டோம், மேடம்.

கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். தினமும் கொஞ்ச நேரம் ஒலியைப் பிரித்துச் சேர்க்கிற விளையாட்டு, அப்புறம் அதே ஒலியைச் சிலேட்டில் எழுதுவது, அவ்வளவு போதும். அறிவியல், சமூக அறிவியல் பாடங்களை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். காதால் கேட்டுப் படித்தால் மதிப்பெண் குறையாது. காதை டாக்டரிடம் காட்டிவிட்டீர்கள்தானே?