'வளவள'வுக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

கேள்வி: நீட்டி முழக்கிப் பேசுவது, சுற்றி வளைத்து எழுதுவது இரண்டையும் குறிக்க, 'வளவள', 'அறுவை' என்றெல்லாம் இல்லாமல் கௌரவமான ஒரே தமிழ்ச்சொல் சொல்லுங்களேன். கருத்தரங்கக் கட்டுரைக்கு வேண்டும். (திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: 'வளவள'வுக்கு என்ன கௌரவக் குறைச்சல்? இரட்டைக்கிளவிக்குத் தொல்காப்பியர் தனி நூற்பாவே வைத்திருக்கிறார். தொணதொணப்பவர் சொன்னதையே சொல்லி நச்சரிப்பவர். சளசளவுக்குக் குறைந்தது நாலு பேராவது வேண்டும். லொடலொடவென்று பேசுகிறவருக்கு வாய் ஓயாது, மனசில் ஒளிவுமறைவும் இருக்காது. வளவள என்றால் பேச்சு நீள்கிறது, விஷயம் வரவில்லை. 'வழவழ கொழகொழ' என்றால் ஆள் எந்தப் பக்கமும் பிடி கொடுக்கவில்லை. இத்தனை நுணுக்கமாகப் பிரித்து வைத்திருப்பது கேட்டுக் கேட்டுச் சலித்த காதுகள்தான். யாழ்ப்பாணத்தில் 'அலட்டாதை' என்று ஒரே அதட்டலில் முடித்துவிடுவார்கள். 'அறுவை'க்குப் பிறகு ரம்பம் வந்தது, பிளேடு வந்தது. அறுக்கிற சாமானெல்லாம் தீர்ந்த பிறகு, முனை மழுங்கிய 'மொக்கை' வந்தது. கல்லூரிப் பிள்ளைகள் உண்டாக்கிய இந்த வரிசையைக் கட்டுரையில் தைரியமாக எழுதுங்கள்.

ஏட்டுச் சொல்தான் வேண்டுமென்றால் நன்னூல் இருக்கிறது. நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று பவணந்தி முனிவர் பாயிரத்தில் அடுக்குகிறார். தேவைக்கு மேல் சொன்னால் மிகைபடக் கூறல். சொன்னதையே சொன்னால் கூறியது கூறல். வெறும் சொல்லைக் கோத்துக்கொண்டே போனால் வெற்றெனத் தொடுத்தல். எடுத்த பொருளை விட்டுவிட்டு வேறெங்கோ போனால் மற்றொன்று விரித்தல். ஜோராக ஆரம்பித்துப் போகப்போகச் சுரத்திழந்தால் சென்று தேய்ந்து இறுதல். தொல்காப்பிய மரபியலும் பத்துக் குற்றம் சொல்கிறது. அந்தப் பட்டியலில் மற்றொன்று விரித்தலும் சென்று தேய்ந்து இறுதலும் கிடையாது. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் எத்தனை நூல்களைப் படித்துப் பவணந்தியார் நொந்திருந்தால் இவற்றைச் சேர்த்திருப்பார்!

இதில் இன்னொன்று கவனியுங்கள். நன்னூல் பட்டியலில் முதலில் நிற்பது குன்றக் கூறல். குறைவாகச் சொல்வது. மிகைபடக் கூறலுக்கு இரண்டாம் இடம்தான். நூலுக்கு வேண்டிய அழகுகள் என்று நன்னூல் சொல்லும் வரிசையிலும் 'சுருங்கச் சொல்லல்' என்றவுடன் 'விளங்க வைத்தல்' வந்துவிடுகிறது. சுருக்கம் என்ற பெயரில் எலும்புக்கூட்டை நீட்டுகிறவர்களிடம் இதை இந்தப் பக்கத்திலேயே பலமுறை சொல்லிச் சண்டை பிடித்திருக்கிறேன். இனியும் பிடிப்பேன். நம்மாழ்வாரின் திருவாய்மொழி 1,102 பாசுரம். அதற்கு நம்பிள்ளை சொன்ன வியாக்கியானத்துக்கு, அதாவது விரிவுரைக்கு, 'ஈடு முப்பத்தாறாயிரப்படி' என்று பெயர். ஒற்று நீக்கி 32 எழுத்து ஒரு படி என்பது கணக்கு. அப்படியானால் பதினோரு லட்சம் எழுத்துக்கு மேல். ஈட்டை வளவள என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா? ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, ஆழ்வார் ஏன் இங்கே இதைப் போட்டார் என்று நின்று விசாரிக்கிறது அது. அதன் நீளத்துக்கு வேலை இருக்கிறது.

ஆகவே 'ஒரே சொல்' கேட்காதீர்கள். நீட்டுகிறவரையும் வளைக்கிறவரையும் ஒரே கயிற்றில் கட்டுவது அநியாயம். திண்ணையில் உட்கார்ந்து பேத்தி கல்யாணத்தைப் பந்தக்கால் நட்டதிலிருந்து ஆரம்பிக்கிற பாட்டிக்கு மறைக்க எதுவும் இல்லை. பேச ஆள் கிடைத்த சந்தோஷம் அது. வளைக்கிறவர் விஷயம் வேறு. பட்டா மாறுதலுக்கு மனு கொடுத்த பெரியவர் ஒருவர், தமக்கு வந்த பதிலை எனக்கு அனுப்பியிருந்தார்: 'பார்வையில் காணும் தங்களது மனுவின் மீது உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டு வருகிறது என்ற விவரம் இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது.' யார் மேற்கொள்கிறார்? என்றைக்கு முடியும்? இரண்டும் அந்த வாக்கியத்தில் இல்லை. செயப்பாட்டுவினையைப் போட்டதும் செய்கிறவர் காணாமல் போய்விடுகிறார், பெரியவர் மறுபடி பஸ் ஏறுகிறார். இதற்குத் தமிழில் பெயர் மழுப்பல். பூசி மெழுகுதல் என்றும் சொல்லலாம். கருத்தரங்கமானாலும் அப்படியே சொல்லுங்கள்.

தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் மீது எனக்குள்ள கோபம் இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். 'மழையானது பெய்து வரக்கூடிய சூழலில், மக்கள் குடை பிடித்தபடி செல்லக்கூடிய காட்சிகளை நம்மால் பார்க்க முடிகிறது.' மழை பெய்கிறது, ஜனங்கள் குடையோடு போகிறார்கள். அவ்வளவுதானே? அந்த 'ஆனது'வும் 'கூடிய'வும் அடுத்த வாக்கியம் யோசிக்க அவகாசம் வாங்குகிற சொற்கள். நேரலையில் நிற்கிற பிள்ளைகளை அதற்காக மன்னிக்கலாம். மேசையில் உட்கார்ந்து, நிதானமாக, ஒவ்வொரு செய்தியின் வாலிலும் 'என்பது குறிப்பிடத்தக்கது' என்று ஒட்டுகிறவர்களை மன்னிக்க மாட்டேன். குறிப்பிடத்தக்கது என்பதால்தானே குறிப்பிட்டீர்கள்? வெற்றெனத் தொடுத்தலுக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

கட்டுரை முடிந்ததும் எங்களுக்கும் ஒரு படி அனுப்புங்கள் அம்மா. பத்துக் குற்றத்துக்கும் இன்றைய தமிழிலிருந்து ஒவ்வோர் உதாரணம் கொடுத்திருந்தால் முழுசாக வெளியிடுகிறேன், எத்தனை பக்கமானாலும்.