நாலுக்கு ஆறில் ஒரு டன்ஜன்

கேள்வி: ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் நாலு பேருக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறேன். நான் கதை சொல்ல, அவர்கள் ஆளுக்கொரு வேடம் ஏற்றுக் கற்பனை உலகில் சாகசம் செய்யும் மேசை ஆட்டம் அது. போன மாதம் சார்ட் பேப்பரில் ஒரு கண்டம் முழுவதையும் வரைந்தேன். மூன்று வாரம் பிடித்தது. அவர்களோ முதல் ஊர்ச் சத்திரத்தை விட்டு நகரவே இல்லை. ஒரே மாலையில் முடிகிற மாதிரி, சின்னதாக, கையாலேயே மேப் வரைய வழி உண்டா? எனக்கு ஓவியம் சுமாராகத்தான் வரும்.

பதில்: கண்டத்தைச் சுருட்டிப் பரணில் போடுங்கள். அடுத்த ஞாயிறு அவர்கள் கால் படப்போகும் இடத்தை மட்டும், 4க்கு 6 அங்குல போட்டோ அளவுத் தாளில் வரையுங்கள். ஏறக்குறைய 10க்கு 15 செ.மீ. வரும். தாள் சின்னதாக இருந்தால், தேவையில்லாததை வரைய இடமே இருக்காது.

அது போதுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை செ.மீ. கட்டம் என்றால் குறுக்கே 30, நெடுக்கே 20. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்த நாளிலிருந்தே டன்ஜனை, அதாவது அறைகளும் வழிகளுமாகச் சாகசம் நடக்கும் பாதாளத்தை, கிராஃப் தாளில் போடுவதுதான் வழக்கம். ஒரு கட்டம் 10 அடி. ஆக, உங்கள் கையகலத் தாளில் 300க்கு 200 அடி நிலம் இருக்கிறது. எட்டுப் பத்து அறைகள் தாராளமாகக் கொள்ளும். பொம்மைகளை நகர்த்திச் சண்டை போடும் பேட்டில் மேப்பில் மட்டும் ஒரு கட்டம் 5 அடி, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கிராஃப் தாளிலேயே வரைய வேண்டாம். அதை அடியில் வைத்து, மேலே மெல்லிய வெள்ளைத் தாளைக் கிளிப் போட்டு நிறுத்தினால் கோடு மங்கலாகத் தெரியும். முதலில் பென்சில். சுவருக்கு 0.5 பேனா, கதவு, படிக்கட்டு, தூணுக்கு 0.1. ஜெல் பேனா வேண்டாம். அது காய்வதற்குள் ரப்பர் பட்டால் எல்லாம் மை. நான் அப்படி இரண்டு கோட்டைகளை இழந்திருக்கிறேன். ஸ்டேஷனரி கடையில் ஃபைன்லைனர் என்று கேளுங்கள், ஐந்து நிமிடம் காயவிட்டு அழியுங்கள்.

இப்போது பார்த்தால் மேப் வீட்டு பிளான் மாதிரி சப்பென்று இருக்கும். அதற்கு மருந்து ஹேட்ச்சிங். சுவருக்கு வெளியே, பாறை இருக்க வேண்டிய பக்கம், மூன்று சிறு கோடுகளை அடுத்தடுத்து இழுங்கள். பக்கத்தில் இன்னொரு மூன்று, ஆனால் வேறு சாய்வில். பாய் முடைகிற மாதிரி, ஒரு கொத்து இன்னொரு கொத்தில் போய் முட்டி நிற்க வேண்டும். சுவரை ஒட்டி அரை செ.மீ. அகலத்துக்கு இப்படிச் சுற்றி வந்தால் போதும். எது காலி, எது பாறை என்று கண் உடனே பிரித்துவிடும். உங்கள் சுவர்க்கோட்டின் நடுக்கமும் அதில் மறைந்துபோகும். வலக்கைக்காரர் இடப்பக்கம் மேலிருந்து தொடங்கினால் கை மையில் தேயாது.

அழகை விட முக்கியம் அறைகளின் இணைப்பு. ஆறு அறைகளை ரயில் பெட்டி மாதிரி வரிசையாகக் கோத்தால் ஆட்டக்காரர்களுக்குத் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. இரண்டாவது அறையிலிருந்து ஐந்தாவதுக்கு ஒரு குறுக்கு வழி, கிணற்று வழியாக இன்னொரு நுழைவு: இந்த இரண்டைச் சேர்த்துப் பாருங்கள், எதிரியைச் சுற்றி வளைக்கலாமா, தப்பி ஓடலாமா என்று மேசையே சூடாகிவிடும். 1970-களின் கடைசியிலேயே ஜெனல் ஜாக்வேஸ் இப்படிச் சுற்றுவழிகளும் பல வாசல்களும் உள்ள டன்ஜன்களை வடிவமைத்துக் காட்டியிருக்கிறார்.

வெளிநிலம் வேண்டுமானால் அதே தாளில் 1 செ.மீ.க்கு 6 மைல். ஆட்ட விதிப்படி சாதாரண நடையில் ஒரு நாளைக்கு 24 மைல் என்பதால் 4 செ.மீ. ஒரு நாள். தாளின் நீளத்தைக் கடக்க ஏறக்குறைய நாலு நாள் ஆகும். மலைகளில் முன்னால் இருப்பதை முதலில் போடுங்கள், பின்னாலிருப்பது அதன் தோளுக்குப் பின்னால் மறையட்டும். நிழல் எல்லா மலைக்கும் ஒரே பக்கம். காட்டுக்கு மரம் மரமாக வரையாதீர்கள், ஓரத்தை மட்டும் சுருள் சுருளாகப் போட்டால் போதும். ஆறுகள் ஒன்றோடொன்று சேர்ந்தபடி கடலுக்குப் போகும், பிரிந்து பிரிந்து போகாது. காவிரி கொள்ளிடமாகப் பிரிகிறதே என்பீர்கள். அது டெல்டாவின் தலைப்பில், சமவெளியில் நடப்பது. மலை உச்சியில் ஆற்றைப் பிளந்தால்தான் இடிக்கும்.

தமிழில் பெயர் எழுதுபவர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. கொம்பும் காலும் சேர்ந்து நம் எழுத்து அகலமாக ஓடும். ‘பேய்க்கரும்புக் கோட்டை’ என்று வைத்துவிட்டு அதை 1 செ.மீ.க்குள் அடைக்க முடியாது. அதனால் ஊர்ப்பெயர்களைப் பென்சிலில் முதலில் எழுதி இடம் பிடித்துக்கொண்டு, பிறகு மலையையும் காட்டையும் அவற்றைச் சுற்றி வரையுங்கள். டன்ஜன் அறைகளுக்கு வெறும் எண்கள். விவரமெல்லாம் தாளின் பின்பக்கம்.

ரகசியக் கதவு, பொறி எதையும் குறிப்பதற்கு முன் ஒரு ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். மூலத்தில் சிவப்பில் குறித்துக்கொண்டு அதை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். நகல்தான் மேசைக்கு, அதுவும் அறைகளின் மேல் போஸ்ட்-இட் துண்டுகளை ஒட்டித்தான். அவர்கள் கதவைத் திறக்கத் திறக்க ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே போகலாம். நான் ஒருமுறை அவசரத்தில் சிவப்புக் குறி போட்ட தாளையே நீட்டிவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திருடன் வேடக்காரர் மட்டும் நேராக மூன்றாவது அறைக்குப் போய், சுவரைத் தட்டிப் பார்க்கப் போவதாகச் சொன்னார்.