ஜிம்மும் வலைப்பந்தும் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

விடியக்காலையில் கோணேசர் கோயில் வரை நடப்பதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை வாசித்தேன். எனக்கு 43 வயது. திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். கந்தோர் வேலை, நாள் முழுக்கக் கதிரையில்தான். இரத்தத்தில் சீனி எல்லையில் நிற்கிறது, உடம்பை அசைக்கச் சொல்லி டொக்டர் சொல்லிவிட்டார். ஜிம்முக்கு ஒரு வருடக் காசு கட்டினேன். 21 நாள் விடாமல் செய்தால் பழகிவிடும் என்றார்கள். ஒரு மாதத்துக்கு மேல் போயும் பழகவில்லை. பின்னேரமானால் இன்றைக்கு என்ன சாட்டுச் சொல்லலாம் என்றுதான் மனம் ஓடும். இப்போது போவதே இல்லை. காசு வீண் என்று வீட்டில் பேச்சு. பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடிய நாட்களில் நான் இப்படிச் சோம்பேறியாக இருந்ததில்லை. ஜீ.டி.யாக, எதிரணி கோல் போடாமல் தடுக்கும் இடத்தில், நின்றேன். அதெல்லாம் அந்த வயதோடு போயிற்று. உங்களுக்கு மட்டும் இந்த விடாமுயற்சி எங்கிருந்து வருகிறது?

உவர்மலை வாசகி (பெயர் வேண்டாம் அக்கா)

அன்புள்ள தங்கைக்கு,

விடாமுயற்சி என்னிடம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் இருவரோடு நடக்கிறேன். அதில் ஒருத்தி கதை சொல்வதில் கெட்டிக்காரி. கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டை வாசலில் அவள் தொடங்கிய குடும்பச் சண்டைக் கதை கோயில் ஏற்றத்துக்கு வந்த பிறகும் முடிந்திருக்காது. மீதி நாளைக்கு. அதைக் கேட்கத்தான் எழும்பிப் போகிறேன். அவள் கொழும்புக்கு மகள் வீட்டுக்குப் போனால் என் நடையும் கூடவே கொழும்புக்குப் போய்விடும். கோட்டைக்குள் மான்கள் நிற்பதும், மேலே ஏறினால் கடல் விரிவதும் உண்மைதான். ஆனால் அந்த அழகு மட்டும் என்னை ஒரு வாரத்துக்கு மேல் எழுப்பியிருக்காது.

21 நாள் கணக்கை விடுங்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010 இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பழக்கம் தன்பாட்டில் நடக்கத் தொடங்க ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை பிடிக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. தேகப்பயிற்சியைத் தெரிந்தெடுத்தவர்களுக்கு, தண்ணீர் குடிப்பது போன்ற சின்ன விஷயங்களை எடுத்தவர்களைவிடக் கூடுதல் நாள் தேவைப்பட்டது. இடையில் ஒருநாள் தவறியதால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆகவே ஒரு மாதத்தில் பழகவில்லை என்பதற்காக உங்களைச் சோம்பேறி என்று எழுதவேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது வலைப்பந்து வரிதான். ஜிம்மைப் பற்றி எழுதும்போது காசு, நாள், சாட்டு என்று கணக்கு எழுதுகிறீர்கள். பந்துக்கு வந்ததும், யாரும் கேட்காமலே எந்த இடத்தில் நின்றேன் என்று சொல்கிறீர்கள். எதிரணியில் கோல் போட வரும் ஜீ.ஏ.யின் கண்ணைப் பார்த்துப் பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே பிடித்துப் பாய்ந்து பழகியவர் நீங்கள். உங்களைக் கொண்டுபோய் ட்ரெட்மில்லில் ஏற்றினால், எதிரே ஆளில்லை, பந்தில்லை, போய்ச்சேர இடமுமில்லை. சலிக்காமல் என்ன செய்யும்? (என் மருமகனுக்கு ஜிம்முக்குப் போனால்தான் இரவில் நித்திரை வரும். அவனுக்கு அது சரி.)

வயது போயிற்று என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2018 இல் சிங்கப்பூரில் இலங்கை வலைப்பந்து அணி ஆசியக் கிண்ணத்தை வென்றபோது அதில் விளையாடிய தர்ஜினி சிவலிங்கத்துக்கு முப்பத்தைந்து கடந்திருந்தது. அடுத்த வருட உலகக் கிண்ணத்திலும் விளையாடினார். அவர் ஆறரை அடிக்கு மேல் உயரம், நாங்கள் அப்படியா என்று கேட்பீர்கள். நியாயம்தான். நீங்களும் கிண்ணத்துக்காக விளையாடப் போவதில்லையே.

ஒன்றில் மட்டும் அவசரப்படாதீர்கள். வலைப்பந்தில் பந்தோடு ஓட முடியாது, பிடித்த இடத்திலேயே நிற்க வேண்டும், மூன்று வினாடிக்குள் எறிய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பதினாறு வயதில் அந்தத் திடீர் நிறுத்தம் ஒரு விஷயமில்லை. இத்தனை வருடம் கதிரையில் இருந்த முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் அது அடி. முதல் சில வாரம் இரண்டு மூன்று பேராக நடந்தபடி எறிந்து பிடியுங்கள், போதும். அப்புறம் பாதி மைதானத்தில் பக்கத்துக்கு மூன்று பேர். பதினாலு பேர் சேரட்டும் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டேதான் இருப்பீர்கள். நல்ல சப்பாத்து வாங்குங்கள். சீனியைப் பார்க்கும் டொக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இடத்துக்கு, படித்த பள்ளிக்கூடத்து அதிபரைக் கேளுங்கள். பழைய மாணவிகள் நாலு பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் வாரத்தில் இரண்டு பின்னேரம் தராமலா போவார்? தனியாக ஓடும் பெண்ணைப் பார்த்துத்தான் சந்தியில் கழுத்துகள் திரும்பும். நாலு பேர் சேர்ந்து சத்தம் போட்டு விளையாடினால் பார்க்கிறவர்களுக்குக் கொஞ்ச நாளில் அலுத்துவிடும். கச்சான் என்கிற சூடான தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் பின்னேரம் ஐந்து மணிக்கு முன்னர் இறங்காதீர்கள்.

எவ்வளவு நேரம் என்றால், உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம். கதைக்க முடியவேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் வேகம். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு இருந்ததை 2020 இல் எடுத்துவிட்டார்கள். கந்தோரிலிருந்து உவர்மலை ஏற்றத்தில் வேகமாக நடந்து வீட்டுக்குப் போவதும் இதில் சேரும்.

தசைக்கு வாரத்தில் இரண்டு நாளாவது தனியாக ஏதாவது செய்யவேண்டும் என்றும் அதே அறிவுரையில் இருக்கிறது. கதிரையில் கை ஊன்றாமல் இருந்து எழும்புவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது. எனக்கு இது கொஞ்சமும் பிடிக்காது. அடுப்பில் சோறு வேகும்போது முணுமுணுத்துக்கொண்டே செய்து முடிக்கிறேன். எல்லாம் இனிக்கவேண்டும் என்றில்லை.

நவம்பரில் மழை பிடித்தால் மைதானம் சேறாகிவிடும். ஜிம் காசில் மீதி மாதங்கள் இருந்தால் அவற்றை அப்போதைக்கு வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஜிம்முக்கும் அணியில் இன்னும் ஒருவரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். பந்து வாங்கும்போது ஐந்தாம் இலக்கம் கேளுங்கள். கடைக்காரர் உதைபந்தைத் தூக்கித் தந்துவிடுவார், பார்த்து வாங்குங்கள்.

அன்புடன்,
அக்கா